வாய்தாவில் நின்ற வயது

நாடுகடத்தல் வழக்கு தொடங்கிய நாளிலிருந்து கணக்காளருக்கு வயது ஏறவில்லை. சிறைக்குப் போன அன்று சவரம் செய்த முகம் அப்படியே இருந்தது. நகம்கூட வளரவில்லை. சிறை மருத்துவர் முதல் வருடம் ஆச்சரியப்பட்டார், அப்புறம் அவருக்கும் வேறு வேலை இருந்தது. எல்லாம் கணக்காளருடைய வக்கீலின் கைங்கரியம் என்பது நீதிமன்றக் கேன்டீன்காரர் வரைக்கும் தெரிந்த விஷயம். வக்கீலுக்குப் பட்டப்பெயரே வாய்தா. வாதாடித் தோற்றவர் என்று அவரைச் சொல்ல முடியாது; வாதாடினால்தானே. எதிர்த்தரப்பு ஆவணம் மொழிபெயர்ப்பாகவில்லை, மொழிபெயர்த்தவர் கையெழுத்திடவில்லை, கையெழுத்திட்டவர் விடுப்பில் இருக்கிறார் என்று ஏதாவது சொல்லி வழக்கைத் தள்ளி வைத்துவிடுவார். கணக்காளரின் காலமும் கூடவே தள்ளிப்போனது, அவ்வளவுதான். நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

வழக்கு லேசானதல்ல. முதலாளி வெளிநாட்டில் வரி ஏய்த்துவிட்டு அங்கேயே செத்துப்போனார். அவர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்ட கணக்காளரை அந்த நாடு கேட்டது. முன்பு அப்படி அனுப்பப்பட்ட இருவரும் சவப்பெட்டியில்தான் திரும்பினார்கள். அதனால் கணக்காளரின் மனைவி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீலைக் கையெடுத்துக் கும்பிட்டாள். வெளியே இருந்த அவளுக்கு வருடங்கள் ஓடின. முடி நரைத்தது, முட்டி தேய்ந்தது. மகள் வளர்ந்து, அப்பாவைவிட மூத்தவளாகிவிட்டாள். புதிதாக வந்த காவலர் ஒருவர் பார்வையாளர் அறையில், "பையனைப் பாக்க வந்தீங்களாம்மா?" என்று கேட்டார். "ஆமாப்பா. சோத்துல உப்பு கம்மியானா மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவான்" என்றாள். காவலர் சிரித்தார். அவள் பேருந்தில் வீடு வரைக்கும் அழுதுகொண்டே போனாள்.

பிறகு மருத்துவர்கள் அவள் நுரையீரலைப் படம் எடுத்துப் பார்த்து, இந்த மழைக்காலம் தாண்டாது என்றார்கள். மகளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து மூச்சு வாங்கி, வக்கீலின் மாடி அலுவலகத்துக்கு ஏறி வந்தாள்.

"அவருக்கு ஜாமீன் கிடைக்குமா சார்?"

"கேட்டா வழக்கு நகரும்மா. நகர்ந்தா தோத்துடுவோம்."

"அப்ப என்னையும் வழக்குல சேத்துடுங்க. அந்தக் கணக்கையெல்லாம் நான்தான் எழுதுனேன்னு சொல்றேன். அவருக்கு வாங்குற வாய்தாவுல நானும் ஒரு ஓரமா இருந்துக்கறேன்."

மகள் அவள் கையை உதறினாள். "ரெண்டு பேரும் உள்ள போயிட்டா நான் எங்கம்மா போவேன்?"

"ரெண்டு பேரையும் வந்து பாரு. செத்துட்டா அதுக்கும் வழியில்லடி."

"இத்தனை வருஷத் தொழில்ல ஆளை வெளிய எடுக்கத்தான் மனு போட்டிருக்கேன். உள்ள தள்ளுறதுக்கு இல்ல" என்றார் வக்கீல். மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

ஒரு ஆளுக்கு இரண்டு ஆள் என்றதும் அந்த நாடு மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டது. மனைவியை ஊரின் மறுகோடியில் இருந்த பெண்கள் சிறையில் வைத்தார்கள். முதல் வாய்தாவிலேயே அவள் இருமல் இருந்த இடத்தில் நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மழைக்காலம் வந்தது, போனது. புருஷனும் பெண்டாட்டியும் பார்த்துக்கொள்வது விசாரணை நாளில், குற்றவாளிக் கூண்டில் மட்டும். முதல் நாள் கணக்காளர், "பைத்தியமாடி உனக்கு?" என்று பல்லைக் கடித்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, எனக்கும் இடம் வேணும்ல" என்று சொல்லி அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். கம்பியைப் பிடித்திருந்த அவள் சுருங்கிய கைமேல் அவர் தன் கையை வைத்ததை வக்கீல் பார்த்தார்.

இரண்டே வாக்கியத்தில் வாய்தா வாங்கிவிடுகிற மனிதர் அன்று உணவு இடைவேளை வரை பேசினார். அன்றிலிருந்து அப்படித்தான். வக்கீலுக்கோ வயது ஏறிக்கொண்டே போகிறது, இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசுகிறார். அடுத்த தேதி நிச்சயம் என்று தெரிந்திருந்தும் நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்கிறார். முன்வரிசையில் தலை நரைத்த மகள் பிளாஸ்கில் வெந்நீரோடு உட்கார்ந்திருக்கிறாள். வக்கீலின் குரல் கம்மும்போதெல்லாம் எழுந்து ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்து, "இன்னும் கொஞ்ச நேரம் பேசுங்க சார்" என்கிறாள்.