பின்சக்கரத்துக்கு மேலே ஓர் இருக்கை

1

இந்தக் கதையை எதிர்வீட்டுக்காரரிடம் கேட்காமலேயே எடுத்துக்கொண்டேன். முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுவது நல்லது. மதுரை கோச்சடையில் எங்கள் தெரு குறுகல். அவர் வாசலில் நிற்கும் புது வண்டி, என் எழுதுமேசை ஜன்னலை முக்கால்வாசி அடைத்துக்கொண்டிருக்கிறது. மூன்று வாரமாக எதை எழுத உட்கார்ந்தாலும் அந்த வெள்ளை எஸ்யூவிதான் கண்ணில் விழுகிறது. சரி, அதையே எழுதித் தொலைப்போம் என்று ஆரம்பித்ததுதான் இது.

அவர் பெயர் முத்திருளன். ஐம்பத்தெட்டு வயது. தனியார் பஸ் ஒன்றில் முப்பத்தோரு வருடம் டிரைவராக இருந்து ஓய்ந்தவர். [பெயரை மாற்றத்தான் பார்த்தேன். வேறு எந்தப் பெயர் வைத்தாலும் ஆள் ஸ்டியரிங்கைப் பிடிக்க மாட்டேன் என்கிறார்.]

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘பாண்டி கோவிலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, முத்திருளன் வண்டியை மெதுவாக...’

வேண்டாம். எலுமிச்சம்பழத்தைக் காட்டினால் எந்தப் பழம் நசுங்காமல் உருண்டது என்று நீங்கள் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். நாலும் நசுங்கின. நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

2

இரண்டாம் தொடக்கம். இதிலேயே போவோம்.

அழகர்கோவில் சாலையில் வண்டி எழுபதைத் தொட்டபோது முத்திருளனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. இடது முன்பக்கம், காலுக்குக் கீழே, காலி எண்ணெய் டின்னுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல ஒரு முனகல். வேகம் கூடினால் கூடியது, குறைந்தால் குறைந்தது. பாட்டை நிறுத்தினார். ஏசியை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், ஏற்றிப் பார்த்தார்.

“உனக்குக் கேக்குதா?”

“என்னத்த?” என்றாள் பக்கத்தில் இருந்த முருகம்மாள், அவர் மனைவி.

“ஊன்னு ஒண்ணு.”

“ரோடுன்னா சத்தம் வரத்தான செய்யும். மொதல்ல ஏசியப் போடுங்க. புது வண்டி வாங்கி இம்புட்டு வேர்வையில நான் எங்கயும் போனதில்ல.”

அன்றிலிருந்து அவருக்கு அதே வேலைதான். மூன்று வாரத்தில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டார். எங்கேயும் போவதற்காக இல்லை, அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காக. திருப்பரங்குன்றம் வரை போய், மலையைப் பார்க்காமல் திரும்பி வந்தார்.

[இந்த இடத்தில் எனக்கு இவர்மேல் சந்தேகம் வந்தது. ஓட்டை உடைசல் பஸ்ஸில் முப்பத்தோரு வருடம் குலுங்கியவருக்கு ஒரு முனகலைக் கண்டு என்ன பயம்? ‘மனுஷனுக்குக் கொஞ்சம் அலட்டல்’ என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரியை இப்போது அடித்துவிட்டேன். அதற்காக வெட்கப்படுகிறேன், காரணம் ஐந்தாம் பகுதியில் வரும்.]

அவருடைய அவசரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே மகள் சரண்யாதேவி. கொட்டாம்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறார். ஏழு மாதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே வளைகாப்பு, முடிந்த கையோடு அவளைப் பிரசவத்துக்கு இங்கே கூட்டிவர வேண்டும். அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, முக்கால்வாசி நாலுவழிச் சாலை. அவளுக்குக் கால் வீக்கம். பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு வரட்டும் என்றுதான் இந்த வண்டியையே வாங்கினார். சம்பந்தி வீட்டிலும் போனில் சொல்லியாகிவிட்டது, “எம்மகள எம்வண்டியில நானே ஓட்டிக் கூட்டிட்டுப் போறேன்” என்று.

3

பைபாஸ் சாலையில் சேக் இஸ்மாயிலின் டயர் கடை. பஸ் காலத்திலிருந்தே பழக்கம். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, இடது முன்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, உள்ளங்கையை அதன்மேல் வைத்துத் தடவினார் இஸ்மாயில். முதலில் ஒரு திசையில், பிறகு எதிர்த்திசையில்.

“நீங்க தடவிப் பாருங்கண்ணே. இப்டிப் போனா வழவழன்னு இருக்கும். இப்டி வந்தா சொரசொரன்னு ரம்பம் மாதிரி.”

முத்திருளன் தடவினார். கை நின்றுவிட்டது.

“மத்த மூணும்?”

“லேசா இருக்கு. இது கூடுதல். புது வண்டியோட வார டயர் எல்லாமே இந்த ரகந்தாண்ணே. ரப்பர கட்டியா போட்டுருப்பான். மைலேஜ் குடுக்கும், காதுக்கு ஆகாது.”

“சத்தத்த விடு இஸ்மாயிலு. விட்டுருமா, தாங்குமா? அதச் சொல்லு.”

இஸ்மாயில் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க வேண்டிய அளவுக்கு அதில் அழுக்கு இல்லை.

“கெட்டுப்போச்சுன்னு என்னால சொல்ல முடியாது. நல்லா இருக்குன்னும் சொல்ல மாட்டேன். உள்ள கம்பி எப்படி இருக்குன்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம். மாத்திருங்கண்ணே. ஆனா இந்த சைஸு எங்கிட்ட இல்ல, மதுரையிலயே இல்ல. விசாரிச்சுட்டேன். திங்கக்கெழம வந்துரும், இன்ஷா அல்லா.”

வளைகாப்பு ஞாயிறு.*

* ஸ்டெப்னி இல்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இந்தக் காலத்து வண்டிக்கு ஸ்டெப்னி என்று கொடுப்பது ஒல்லியாக ஒரு சக்கரம். பஞ்சர் கடை வரை போய்ச் சேரலாம், கொட்டாம்பட்டி வரை போக முடியாது.

4

வெள்ளிக்கிழமை காலையில் ஷோரூமுக்குப் போனார். அங்கே சர்வீஸ் பார்க்கும் இளைஞன் பெயர் சித்தார்த். மரியாதையான பையன். [வில்லனாக ஆக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. காபி கொடுத்தானாம்.]

“எல்லா வண்டியிலயும் இது இருக்கு சார். நார்மல்தான்.”

“தம்பி, எனக்கு நார்மல் தெரியும்.”

“டயருக்கு வாரண்டி டயர் கம்பெனி பாக்கணும் சார். நாங்க எழுதி அனுப்புறோம், பதினஞ்சு நாள்ல ஆள் வந்து செக் பண்ணுவாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணித் தாரேன், உங்க திருப்திக்கு.”

ஒரு மணி நேரம் கழித்து வண்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். முத்திருளன் ஓட்டிப் பார்த்தார். எழுபது, எண்பது, எண்பத்தைந்து. சத்தம் இல்லை. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. சித்தார்த் காகிதத்தில் எழுதிக் கொடுத்தான்: ‘சத்தம் இல்லை. ஓகே.’

அவர் வீடு வந்து சேர்ந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன். வண்டிக்குள் பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் அவர் பாட்டுப் போட்டு நான் கேட்டது அன்றுதான். சாயங்காலம் முருகம்மாள் என் மனைவியிடம், “முன்டயரப் பின்னாடி போட்டு, பின்டயர முன்னாடி போட்டுக் குடுத்தானாம். சத்தம் நின்னுருச்சு. அப்பாடான்னு இருக்கு” என்று சொன்னாள்.

எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. கதை முடிந்துவிட்டதல்லவா. உட்கார்ந்து எழுதினேன்: ‘சத்தம் நின்றது. முத்திருளன் பல நாளுக்குப் பிறகு சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை மகள் பின்சீட்டில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டே வந்தாள்.’

நல்ல வரி என்று நினைத்தேன். தூங்கிக்கொண்டே வந்தாள் என்பதை இரண்டு தரம் வாய்விட்டு வாசித்தேன்.

5

சனிக்கிழமை காலை, எழுதியிருந்த பத்துப் பக்கத்தையும் கொண்டுபோய் அவரிடமே கொடுத்தேன். எழுத்தாளனுக்கு இருக்கும் கொழுப்புத்தான், வேறென்ன. உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன், வாசித்துப் பாருங்கள் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

“சிரிச்சேன்னு யாருண்ணே சொன்னா?”

“பாட்டுப் போட்டு வந்தீங்களே.”

“சத்தமில்லாம ஓட்ட முடியல. அதான் போட்டேன்.”

பிறகு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். என் நடையில் எழுதிப் பார்த்தேன், என் நடை குறுக்கே வந்து நின்றது.

“நத்தம் ரூட்டுல ஓட்டுனேன், தொண்ணூத்தெட்டுல. முன்டயர் இடது பக்கம் மூணு நாளா முனங்குச்சு. ரப்பர் ஒட்டுன பழைய டயரு. ஒர்க் ஷாப்புல பேயாண்டின்னு ஒருத்தர். அவருகிட்டச் சொன்னேன். மறுநாள் வண்டிய எடுக்குறேன், சத்தமே இல்ல. நோட்டுல ஓகேன்னு எழுதிருக்காரு. சந்தோசமா எடுத்துட்டுப் போனேண்ணே. பாட்டுப் பாடிட்டே போனேன். அந்த டயரத் தூக்கிப் பின்னாடி போட்டுருக்காரு, அம்புட்டுத்தான். பின்னாடி போனா டிரைவருக்குக் கேக்காதுல்ல. சத்திரப்பட்டி தாண்டி வெடிச்சுச்சு. வீலுக்கு மேல இருக்குற சீட்டுல ஒரு பூக்காரம்மா. அடித்தகடு பிச்சுட்டு மேல வந்துருச்சு. கால் போச்சு, முட்டிக்குக் கீழ.”

கண்ணாடியைக் கழற்றி மடக்கினார்.

“அந்தச் சத்தத்த மூணு நாளு கேட்டவன் நான். கேக்கலைன்னதும் சரியாப்போச்சுன்னு நெனச்சவனும் நாந்தான். இப்ப எம்மக அதே எடத்துல உக்காரப் போறா. நீங்க தூங்கிட்டே வந்தான்னு எழுதிருக்கீங்க.”

நான் அந்தப் பத்துப் பக்கத்தையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். எனக்கு அவமானமாக இருந்தது.

6

வேறு முடிவுகளைத் தேடினேன்.

முதலாவது: ‘திங்கட்கிழமை புது டயர் வந்து இறங்கியது. முத்திருளன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு...’ இல்லை. வளைகாப்பு ஞாயிறு. சம்பந்தி வீட்டில் நாள் குறித்து, ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. கதைக்காரனுக்காக நாளை யாரும் தள்ளிவைக்க மாட்டார்கள்.

இரண்டாவது: வாடகைக் கார். இதை அவரிடமே சொன்னேன்.

“யாரு வண்டி, எந்த டயரு, அதுல என்ன சத்தம், எத்தன நாளாக் கேக்குதுன்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்? இதுலயாவது எங்க இருக்குன்னு தெரியும்.”

அந்த முடிவையும் அடித்தேன்.

மூன்றாவது: மெதுவாக, நாற்பதிலேயே ஓட்டிவருவது. நாலுவழிச் சாலையில் பின்னால் லாரிகள் வந்துகொண்டிருக்கும்போது நாற்பதில் போவது எவ்வளவு பத்திரம் என்று என்னைவிட அவருக்குத் தெரியும்.

நான்காவது: டயர் வெடிக்கிறது. இதை ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பேனாவைத் திறந்தேன், மூடினேன். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி எதிர்வீட்டுக்கு வரப்போகிறாள். கதைதானே என்று யாராவது சொன்னால் அவர்களை எழுதச் சொல்லுங்கள்.

ஐந்தாவது: டயருக்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் அவர் மனசு. இதுதான் வசதியான முடிவு. ஒருவேளை நிஜமும் இதுவாக இருக்கலாம். அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. பத்தில் ஒன்பது தரம் இதுதான் நிஜம். பேயாண்டியும் அந்த ஒன்பதைத்தான் நம்பியிருப்பார்.

7

சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் வாசலில் வந்து நின்றார்.

“அண்ணே, ஒரு ஒதவி. நான் ஓட்டுறேன். நீங்க பின்னாடி இடது பக்கம் உக்காந்து கேளுங்க. முருகம்மாளுக்குக் கேக்காது. நீங்க மூணு வாரமா இதையே நெனச்சுட்டு இருக்கீங்க. உங்களுக்குக் கேக்கும்.”

போனேன். துவரிமான் தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறினோம். இருபக்கமும் தென்னந்தோப்பு, வயல், நடுவில் அரளிச்செடி. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. பின்சீட்டில் சரண்யாவுக்காகப் புதுத் தலையணை ஒன்று பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டேன். அறுபது. எழுபது. எண்பது.

“கேக்குதாண்ணே?”

ஏதோ கேட்டது. டயரா, தாரா, காற்றா, என் காதுக்குள்ளேயே ஓடும் ரத்தமா என்று தெரியவில்லை. என் வலது காது கொஞ்சம் மந்தம். அதை அவரிடம் சொல்லவில்லை. சீட்டுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அதிர்ந்தது. எந்த வண்டிதான் அதிராது?

“சும்மா சொல்லுங்க. இருக்குன்னா நாளைக்கு நான் போகல, அவங்க ஏசுனா ஏசட்டும், திங்கக்கெழமைக்கு அப்புறம் கூட்டிக்கிறேன். இல்லன்னா போறேன். நீங்க சொன்னாப் போதும்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு வேண்டியது என் காது இல்லை. மூன்று வாரமாக, இல்லை, இருபத்தேழு வருடமாக அவர் சுமந்துகொண்டிருக்கும் ஒன்றின் அடியில் வேறொரு ஆள் ‘ஓகே’ என்றோ ‘இல்லை’ என்றோ எழுத வேண்டும். பேயாண்டி எழுதினார். சித்தார்த் எழுதினான். இஸ்மாயில் மட்டும் எழுதவில்லை, கையைத் துடைத்துக்கொண்டார். இப்போது என் முறை. கதைகளில் எத்தனை பேரையோ ஒரே வரியில் சாகடித்திருக்கிறேன், பிழைக்கவும் வைத்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூடப் பின்பார்வைக் கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்ததில்லை.

நான் அவருக்கு ஒரு பதில் சொன்னேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

அதனால் நகர்ந்து உட்காருகிறேன். இந்தப் பக்கம் வாருங்கள், இடது பக்கம், சக்கரத்துக்கு நேர் மேலே. தலையணையைப் பிடித்துக்கொள்ளுங்கள், உறையைக் கிழித்துவிடாதீர்கள். கண்ணாடி ஏற்றியிருக்கிறது. பாட்டு இல்லை, ஏசி இல்லை. வண்டி எண்பதில் போகிறது. முன்னால் ஓட்டுகிறவர் உங்களைத்தான் பார்க்கிறார்.

“கேக்குதா?”