செம்பருத்தி டீ டப்பாவில் ஒரு வரி

1

"அத்தை, இந்த டப்பால எழுதியிருக்கிறது நிஜமா, கதையா?"

ஏழு வயதுப் பொடிசு கேட்ட கேள்வி இது. இந்தக் கதை இதிலிருந்துதான் பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கேட்டது என்னிடம் அல்ல. மூலிகை டீ பொட்டலம் போடும் கூடத்தில், டப்பாக்களுக்கு வாசகம் எழுதுகிற பெண்ணிடம். கூடத்தில் அவள் பெயர் எழுத்தாணி.

"நிஜம்தான்டா" என்றாள்.

"அப்ப அம்மா ஏன் இன்னும் மாடிப்படில உக்காந்து உக்காந்து ஏறுறாங்க?"

எழுத்தாணி டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

2

கூடம் முழுக்கப் புதினா மணம் நிலவொளி போலப் பரவி

(அடித்துவிட்டேன். அந்தக் கூடத்தில் மூக்கு அரிக்கும், தும்மல் வரும். நிலவுக்கு அங்கே வேலையில்லை.)

நேராகச் சொல்கிறேன். பொடிசின் அம்மாவுக்குத் தராசு அக்கா என்று பெயர். மூன்று விரலால் கிள்ளினால் சரியாக இரண்டு கிராம். பொட்டலத்து நூலை எல்லோரும் ஒரு சுற்றுச் சுற்றி முடிவார்கள். அக்கா மட்டும் இரண்டு சுற்று.

எழுத்தாணியும் முதலில் பொட்டலம் போட வந்தவள்தான். வந்த மாதமே மாதவிலக்கு வலியில் மூட்டை மேல் சுருண்டு கிடந்தாள். அங்கே ஆளுக்கொரு மரத்தட்டு; தட்டு நிறையாவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. அந்த மூன்று நாளும் அவள் தட்டு நிறைந்தே இருந்தது. ஒரு பொட்டலத்தை எடுத்துப் பார்த்தாள். இரண்டு சுற்று முடிச்சு. அக்கா இஞ்சி டீயை நீட்டி, "சூடா குடி, கொஞ்சம் இதமா இருக்கும்" என்றதோடு சரி. தட்டைப் பற்றி இன்றுவரை ஒரு பேச்சு இல்லை.

3

இப்போது குற்றத்துக்கு வருகிறேன். செம்பருத்தி டப்பாவின் பின்பக்கம் அடியில் விரலளவு இடம் காலியாக இருந்தது. "மொட்டையா இருக்கு, ஏதாவது போடு" என்றார் முதலாளி. எழுத்தாணி யோசிக்காமல் எழுதினாள்: 'பெண்களின் உதிரப்போக்கைச் சீராக்கும்.'

(காலி இடத்தை நிரப்ப நானும் வரிகள் எழுதியிருக்கிறேன். யார் அதைக் குடித்தார்களோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.)

பொடிசு கேட்ட அன்று மதியமே எழுத்தாணி அக்காவிடம் போனாள்.

"டாக்டர பாத்தீங்களாக்கா?"

"எதுக்கு? சீராக்கும்னு நீதானே எழுதியிருக்க. கிழிஞ்ச டப்பாவ வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி, ரெண்டு மாசமா நாளுக்கு நாலு டம்ளர் குடிக்கிறேன். இன்னும் நிக்கத்தான் மாட்டேங்குது."

"அக்கா... அது... அங்க இடம் காலியா இருந்துச்சுக்கா."

அக்கா வெளுத்த உதட்டோடு சிரித்தார். "அடிப்பாவி! இடம் காலியா இருந்தா ஒரு பூ படம் போட வேண்டியதுதானே?"

சிரித்து முடித்து எழுந்தவருக்குத் தலை சுற்றியது. எழுத்தாணி தாங்கிப் பிடித்தாள். அப்படியே மருத்துவமனைக்கு.

4

அக்கா பிழைக்காத முடிவு ஒன்றையும் எழுதிப் பார்த்தேன். கதைக்கு அழுத்தம் கூடும் என்றார் நண்பர். எனக்கு அழுத்தம் வேண்டாம், அக்கா வேண்டும். கிழித்துவிட்டேன்.

கர்ப்பப்பையில் கட்டி, உடம்பில் ரத்தம் பாதிதான் இருந்தது. டாக்டரம்மா ஏசவில்லை. "இஞ்சி டீ வலிக்கு இதம் தரலாம். புதினா வயித்து உப்புசத்துக்கு நல்லாருக்கும். சாமந்திப்பூ டீ சிலருக்குத் தூக்கம் தரும். குடிங்க, வேண்டாங்கல. ஆனா நிக்காத ரத்தத்துக்கு டீ மருந்தில்லம்மா."*

*வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள் எந்த மூலிகையையும் மருத்துவரைக் கேட்டுவிட்டே குடிக்கவும். இதில் கதை இல்லை.

ரத்தம் ஏற்றி, அறுவை சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. எழுத்தாணி புது வாசகத்தோடு முதலாளி முன் நின்றாள்: 'இது இதம் தரும், மருந்தல்ல. உதிரப்போக்கு அதிகமானால் மருத்துவரைப் பாருங்கள்.'

"என் டப்பாவுலயே என் யாவாரத்த கெடுக்கிறியா?"

"ஆமா முதலாளி. பழைய வரிதான் வேணும்னா நீங்களே எழுதிக்குங்க. நான் எழுத மாட்டேன்."

முதலாளி திரும்பிப் பார்த்தார். பொட்டலம் போடும் பெண்கள் ஒருவர் விடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சரி, சரி. எழுதித் தொலை!"

அன்று கூடத்தில் எழுந்த கைதட்டலில் புதினாத்தூள் பறந்து, முதலாளிதான் முதலில் தும்மினார்.

நான்காவது வாரம் பொடிசு மூச்சிரைக்க ஓடி வந்தது. "அத்தை! பதினெட்டுப் படி! அம்மா ஒரு தடவகூட உக்காரல!"

5

நாளை அக்கா வேலைக்கு வருகிறார். தன் தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பாரா? கேட்பாரா? அதை நான் எழுதப்போவதில்லை. அக்காவை உங்களுக்கும் இப்போது தெரியும், நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இந்த மாதம் முழுக்க அக்காவின் தட்டு ஒருநாளும் காலியாக இல்லை. இன்றும் மற்றவர்கள் வரும் நேரத்துக்கு முன்பே கூடம் திறந்திருக்கிறது. எழுத்தாணி அக்காவின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கிள்ளினால் இரண்டு கிராம் வராது. ஒவ்வொன்றையும் நிறுத்துப் போடுகிறாள். கடைசிப் பொட்டலம். நூலை ஒரு சுற்றுச் சுற்றுகிறாள். இன்னொரு சுற்று. முடிகிறாள். தட்டை அக்காவின் இடத்திலேயே வைத்துவிட்டு, யாரும் வருவதற்குள் தன் மேசைக்குப் போய்விடுகிறாள்.