அடைப்புக்குறிக்குள் ஒரு டால்பின்

ஒன்பது நாளாக அந்தக் கடல் விஞ்ஞானி ஒரே ஒரு வரிக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடல் சூடாவதைத் தடுக்கும் ஒப்பந்தத்தில், 'திமிங்கலங்கள், டால்பின்கள் வாழும் பகுதிகளைக் காப்பது' என்றொரு வரி. அதைச் சுற்றி அடைப்புக்குறி. எல்லா நாடுகளும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்று அதற்கு அர்த்தம். ஒரு காற்புள்ளிக்கு அரை நாள் சண்டை போடுகிற மகானுபாவர்கள் கூடிய இடம் அது.

பேச வேண்டுமென்றால் மேஜையில் உள்ள தங்கள் நாட்டுப் பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைக்க வேண்டும். வைத்தாள். கூட்டத் தலைவர் பார்த்துத் தலையசைத்தார். பேசுவோர் வரிசையில் எழுதிக்கொண்டார் என்று, வழக்கப்படி பலகையைப் படுக்க வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் வீடியோ வந்தது. அவன் ஊர்க் கடற்கரையில் உயிர்காப்பாளன். கரையில் ஒதுங்கிய டால்பின் குட்டியின் மேல் ஈரத்துணி போட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அதன் மூச்சுத்துளை திறந்து திறந்து மூடியது. அவள் குனிந்து அதையே பார்த்தாள். ஒரு நிமிடம்தான் இருக்கும்.

டொக்கென்று தலைவரின் சுத்தியல் சத்தம். நிமிர்ந்தால், ஒப்பந்த வரைவைக் காட்டும் திரையில் வரியைக் காணோம்.

"பலகை வச்சிருந்தேனே!" என்று பதறினாள்.

"ரெண்டு தடவை கூப்பிட்டேன்மா, நீங்க குனிஞ்சிருந்தீங்க" என்றார் தலைவர். "வரியை எடுத்துடலாமான்னு கேட்டேன், யாரும் எதுவும் சொல்லல, எடுத்துட்டோம். வேணும்னா மறுபடி திறக்கலாம். ஆனா முழுப் பத்தியும் திறக்கும், கடல் எவ்வளவு சூடாகலாம்ங்கற வெப்ப வரம்பு உட்பட."

மௌனம் சம்மதம் என்பது வெளியே பழமொழி. இங்கே அதுதான் சட்டம். எதிர்வரிசையில் நாலைந்து கைகள் அவரவர் பலகைக்குப் போயின. வரம்பைக் குதறிப் போட எப்போதடா என்று காத்திருந்தவர்கள். வரியை மீட்கப் போய்க் கடலையே கோட்டை விடுவதா? பாதி தூக்கிய பலகையை அவள் திரும்பப் படுக்க வைத்தாள். தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

தேநீர் இடைவேளையில் அண்ணனை அழைத்தாள்.

"பொழைச்சிடுச்சு! தண்ணி ஏறினதும் தள்ளி விட்டோம், பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. உன் வேலை என்னாச்சு?"

"வெப்ப வரம்பு நின்னுடுச்சுண்ணே. டால்பின் வரி போச்சு."

"அடப்பாவமே. அங்க ஒருத்தர்கூடவா வாயைத் திறக்கல?"

அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சரி விடு. நான் அனுப்பின வீடியோ பாத்தியா, இல்லையா?"

"பாத்தேண்ணே. முழுசாப் பாத்தேன்" என்றாள்.