கமோதோ வீட்டு அணையும் கல்யாண வாசலும்

அணைக்கரையின் அடியில் தெளிந்த தண்ணீர் கசிந்தால் வங்கெச்சி அவ்வளவாகக் கவலைப்பட மாட்டாள். ஆனால் அந்தச் சனிக்கிழமை காலையில் வந்த போன், கலங்கலாகக் கசிகிறது என்றது. மண்ணோடு வந்தால் கரை உள்ளுக்குள்ளேயே அரிபடுகிறது என்று பொருள். கமோதோ தன் காப்பித் தோட்டத்துக்காகக் கட்டிய அணை அது. கீழே பள்ளத்தில் நாற்பது வீடுகள். அணைகளைப் பார்த்துக்கொள்ளும் அரசு இன்ஜினியர் அவள். வேலையில் சேர்ந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது.

பள்ளத்துச் சனங்களை மேட்டுக்கு ஏற்றிவிடும்படி அங்கிருந்த தலைமையாசிரியருக்குப் போன் போட்டாள். மேலதிகாரியிடம் அவசர உத்தரவு வாங்கினாள். அணை ஆபத்தானது என்றால் உடையவரின் சம்மதம் தேவையில்லை, பூட்டை உடைத்தும் உள்ளே போகலாம் என்கிறது சட்டம். ஆபீஸ் ஜீப் பட்டறையில் கிடந்ததால் ஒரு வாடகை வேனைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். வினை வேனில்தான் வந்தது.

அணைக்குப் போக வேண்டுமானால் கமோதோ வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்றைக்கு அவர் மகளுக்குக் கல்யாணம். கிக்குயு இனத்தார் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு லேசில் கதவு திறந்துவிடுமா? பெண்வீட்டுப் பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு பாடுவார்கள். வந்தவர்கள் பதிலுக்குப் பாட வேண்டும், கெஞ்ச வேண்டும், அபராதம் கட்ட வேண்டும். வழிதப்பி வந்துவிட்டோம், காணாமல் போன ஆட்டைத் தேடுகிறோம் என்று அவர்களும் வாய்க்கு வந்த கதையெல்லாம் விடுவார்கள். இப்போது மாப்பிள்ளை வீட்டாரைப் போலவே வாடகை வேனில் வந்து இறங்கிய வங்கெச்சி, உத்தரவை எடுத்து உரக்கப் படித்தாள். பெண்ணின் அத்தை ந்யாகியோ முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தாள்.

“சீல் எல்லாம் குத்தி எடுத்துட்டு வந்திருக்காங்கடி. மாப்பிள்ளை வீட்டுல மூளைக்காரங்க இருக்காங்க. சரி தாயி, படிச்சது போதும், பாடு.”

வங்கெச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. போலீஸ் வந்து சேர ஒரு மணி நேரமாகும். பூட்டை உடைக்கச் சட்டம் இருக்கிறது. பூட்டுக்கு முன்னால் நிற்கும் முப்பது பெண்களை என்ன செய்வது? மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பாடினாள். கரை மண்ணாகக் கரைகிறது, கீழே பிள்ளைகுட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், திறவுங்கள் அத்தைமாரே என்று அவர்கள் மெட்டிலேயே பாடினாள். கழுதை தோற்றுப்போகும் குரல். ஆனாலும் இரண்டாவது அடியிலேயே ந்யாகியோவின் சிரிப்பு நின்றுவிட்டது. விளையாட வந்தவள் இப்படி நடுங்க மாட்டாள் என்று அந்த மகராசிக்குப் புரிந்துவிட்டது. அவளே ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தாள்.

அணையில் பார்த்தால், உபரித் தண்ணீர் வழிந்தோடும் வழியை மண்மூட்டை அடுக்கி அடைத்து வைத்திருந்தார் கமோதோ. சம்பந்திகள் வரும்போது தண்ணீர் விளிம்பு வரை மினுங்க வேண்டுமாம்! பெருமை பிடித்த மனுஷன். விருந்து முடியட்டும், நாளைக்கு எடுத்துவிடலாம் என்று இழுத்தார்.

“நான் உங்ககிட்ட கேக்கல ஐயா. இந்த நிமிஷத்துலருந்து ஆபத்து தீர்ற வரைக்கும் இந்த அணை அரசாங்கத்தோடது. ஆளுங்களைக் கூப்பிடுங்க.”

மதகை முழுக்கத் திறந்துவிட்டு, மூட்டைகளை மேலிருந்து ஒவ்வொரு வரிசையாக எடுக்கச் சொன்னாள். நிஜமான மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது பாதிகூட முடிந்திருக்கவில்லை. ந்யாகியோ வாசலிலேயே அவர்களுக்கு அபராதம் விதித்தாள், ஆளுக்குப் பத்து மூட்டை. மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிவிட்டு முழங்கால் சேற்றில் இறங்கினான். இரண்டு வீட்டுப் பெண்களும் கரைமேல் நின்று எதிரெதிராகப் பாடிக் கேலி பண்ணப் பண்ண மூட்டைகள் பறந்தன. மத்தியானத்துக்குள் தண்ணீர் ஓராள் உயரம் இறங்கியது. கலங்கல் மெலிந்து சொட்டாகி, சொட்டும் நின்றது. வங்கெச்சி ஈரத் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். நாள் முழுக்க இங்கேயே காவல் இருக்க வேண்டும், ஆனால் இனிப் பயமில்லை.

ஆனாலும் இரண்டு நாளைக்கு வீடு திரும்ப வேண்டாம் என்று மேட்டில் இருந்தவர்களுக்குச் சொல்லி அனுப்பினாள். அதைக் கேட்ட ந்யாகியோ, அப்படியானால் எல்லோரும் சாப்பிட இங்கே வரட்டும் என்று ஆள் விட்டாள். நாற்பது வீட்டாரும் வந்தார்கள். முதுகில் பிள்ளை கட்டிய தாய்மார்கள், கோழியைக் கக்கத்தில் இடுக்கிய கிழவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று வரிசை மேட்டுப் பாதையில் நீண்டுகொண்டே போனது. கமோதோ அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சமையல்காரர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, முகிமோ என்ற கிழங்கு மசியலையும் ஆட்டுக்கறியையும் தானே பரிமாறினார். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பார்த்துப் போட்டார்.

“இத்தனை பேரா கீழ இருந்தீங்க?” என்றார். கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

தட்டை நீட்டி நின்ற பெண்ணுக்கு அவர் அழுவது ஏன் என்று தெரியாமல் இல்லை. “இன்னும் பின்னால வர்றாங்க ஐயா,” என்றாள். “கறி போதுமான்னு பாருங்க.”