தலைவர் இன்னைக்கு என்ன பண்ணார்?

எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் வாங்கிய வாரத்திலேயே படுத்துவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டுப் போட்டார்கள். பாட்டுக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், அவர்களுடைய இணையப் பக்கத்துக்குப் போய் வாய்க்கு வந்தபடி திட்டினேன். எனக்கு முன்னாலேயே அங்கே மூன்று பேர் திட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பெனிக்காரன் யாருக்கும் பதில் சொல்லவில்லை. நாங்களே ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தோம். மெஷின் கடைசிவரை ஓடவில்லை, நாங்கள் நாலு பேர் மட்டும் மிஞ்சினோம். போனில் ஒரு குழு தொடங்கி அதற்கு 'இடறல் சங்கம்' என்று பெயரும் வைத்தோம்.

சங்கத்தில் யாருக்கும் யார் முகமும் தெரியாது, ஊரும் தெரியாது. கோடவுனில் வேலை பார்க்கிற ஒருத்தன், பேர் டிரம். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி, ஈரத்துணி. எந்தப் பொருளைப் பற்றிப் பேசினாலும் பில் இருக்கா என்று கேட்கிற கணக்கர் ஒருவர், வாரண்டி. நான் நுரை. விதி ஒன்றே ஒன்றுதான். சின்னத் தொல்லையை மட்டும்தான் இங்கே கொட்டலாம். பால் பொங்கியது, செருப்பு அறுந்தது, பஸ் போனது, மேலதிகாரி முறைத்தது, இவ்வளவுதான். சாவு, வியாதி, விவாகரத்து எல்லாம் வெளியே. "அதுக்கெல்லாம் சொந்தக்காரங்க இருக்காங்க" என்று டிரம் எழுதினான். அந்த ஒரு வரிக்காகவே அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

நான் வேலை பார்ப்பதும் ஒரு புகார்ப் பிரிவில்தான். தண்ணீர் சுத்தம் செய்கிற இயந்திரம் விற்கிற கம்பெனி. தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தண்ணி வரல, வந்தா நாறுது, நாறலன்னா சூடா இருக்கு என்று நாள் முழுக்கக் கேட்க வேண்டும். திட்டு வாங்குவதற்கென்றே சம்பளம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எனக்கும் யாரிடமாவது புகார் சொல்ல வேண்டும்போல இருக்கும். அதற்குச் சங்கம் இருந்தது. சங்கத்துக்குச் சொல்ல எனக்கு என் வீட்டுக்காரர் இருந்தார்.

அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற தனி பிரேக்கில் கால் வைத்தபடி, ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பதறவே மாட்டார். எதிரே லாரி வந்தாலும், "மெதுவா, மெதுவா, அவரும் வீட்டுக்குப் போகணும்ல" என்பார். வீட்டிலும் அப்படித்தான். நான் கத்துவேன், அவர் டீ போடுவார்.

ஒருநாள் டிவி ரிமோட்டைக் காணவில்லை. சோபாவைப் புரட்டி, கட்டிலை இழுத்து, அவரையும் என்னையும் அவருடைய பரம்பரையையும் திட்டி முடித்துவிட்டு, முட்டை எடுக்கலாம் என்று பிரிட்ஜைத் திறந்தால் முட்டைக்குப் பக்கத்தில் ரிமோட் சில்லென்று உட்கார்ந்திருக்கிறது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. உடனே சங்கத்தில் எழுதினேன். "தலைவர் வாழ்க" என்று டிரம் போட்டான். அன்றிலிருந்து அவர் தலைவர்.

அப்புறம் தினமும் ஏதாவது கிடைத்தது. சோப்பு வாங்கப் போய் விளக்குமாறோடு வந்தார். என் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய், மத்தியானம்தான் கண்டுபிடித்தார். டீயில் சர்க்கரைக்குப் பதில் சோப்புப் பவுடர் போட்டார். ஒரு வாய் குடித்துவிட்டு நான் காறித் துப்பியபோது, "எப்படி? இன்னைக்கு எழுத உனக்கு மேட்டர் கிடைச்சுதுல்ல?" என்று கண்ணடித்தார்.

"அட பாவி மனுஷா, வேணும்னே பண்ணீங்களா?"

"பின்ன? உன் ஆளுங்க ஏமாந்து போயிடக் கூடாதுல்ல."

நான் நம்பினேன். மனுஷனுக்கு இந்த வயதில் குறும்பு வந்துவிட்டது என்று எனக்கு உள்ளூரப் பெருமைகூட. கல்யாணமான புதிதில்கூட என்னைச் சிரிக்க வைக்க அவர் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. சாயங்காலம் ஆனால் சங்கத்தில் மூன்று பேரும் காத்துக்கிடப்பார்கள். "தலைவர் இன்னைக்கு என்ன பண்ணார்?" நான் எழுதுவேன். அவர் என் தோள் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன சொல்றாங்க, படி படி" என்பார். படித்துக் காட்டுவேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்போம்.

ஒருநாள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒரு நர்ஸம்மாவை ஊரையே சுற்ற வைத்துவிட்டார். இடதுபக்கம் திரும்பு, வலதுபக்கம் திரும்பு என்று ஒரே பாலத்தின் மேல் திரும்பத் திரும்ப ஏறி இறங்கியிருக்கிறார்கள். கடைசியில் அந்தம்மாவே வழி கேட்டு ஸ்கூலுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். "பொறுமை இருக்கான்னு சோதிச்சேன்" என்று இவர் சொன்னாராம். முதலாளி சிரித்தாராம், நர்ஸம்மாவும் சிரித்தாராம். சங்கம் சிரிப்பாய்ச் சிரித்தது. ஈரத்துணி அவருக்கு ஒரு பரிசுக் கோப்பைப் படம் அனுப்பினாள். அன்று அவர் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த பதிலைப் படித்தேன்.

அதே நர்ஸம்மாவோடு போனபோதுதான் கார் மோதியது. ஒரு முனையில் திரும்பும்போது அந்தம்மா பயந்துபோய் வேகத்தைக் கூட்டிவிட்டார். அந்த மாதிரி நேரத்துக்குத்தானே இவருடைய காலடியில் தனி பிரேக்? கால் அதன்மேலேயே இருந்திருக்கிறது. இவர் அழுத்தவில்லை. பழக்கடை ஒன்றை இடித்துத் தள்ளிவிட்டுச் சுவரில் போய் நின்றது வண்டி. நர்ஸம்மாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. இவருக்கு ஒரு கீறல் இல்லை. நான் போனபோது நடைபாதையில் உருண்டு கிடந்த பழங்களைப் பொறுக்கிக் கடைக்காரரின் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"அது எதுக்குன்னு தெரியலம்மா" என்றார்.

"எது?"

"காலுக்குக் கீழ இருந்துச்சே, அது."



டாக்டர் சின்ன வயதுக்காரர். தலையைப் படம் எடுத்துப் பார்த்தார், கடிகாரம் வரையச் சொன்னார், மூன்று வார்த்தை சொல்லித் திருப்பிக் கேட்டார். மறதி நோய், சிலருக்கு இந்த வயதிலேயே வந்துவிடும் என்றார். குணமாகாது, கொஞ்சம் தள்ளிப்போடலாம். முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கலாம். பிறகு என்னைப் பார்த்து, "எப்ப ஆரம்பிச்சுதுன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

சொல்ல முடியும். ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொல்ல முடியும். எதற்கு யார் எப்படிச் சிரித்தார்கள் என்பது வரைக்கும் சொல்ல முடியும். "கொஞ்ச நாளாத்தான் டாக்டர்" என்றேன்.

வெளியே மருந்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவரிடம் கேட்டேவிட்டேன்.

"சோப்புப் பவுடர் வேணும்னே போட்டதுன்னு சொன்னீங்களே?"

அவர் என் கைப்பையின் வாரை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "இல்லம்மா. எதுவுமே வேணும்னு பண்ணல. ரிமோட்டுக்கு நீ சிரிச்சியா, அப்பத் தோணுச்சு. நீ சிரிச்சா அது சும்மா ஏதோ கூத்து. நீ பயந்தா அது வியாதி. எனக்குக் கூத்தாவே இருக்கட்டும்னு இருந்துச்சு."

அவரை அங்கேயே அறைய வேண்டும்போல ஆத்திரம் வந்தது. கூடவே அவரை மடியில் போட்டு மூடிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், டாக்டர் எழுதிய மாத்திரையை எந்த வேளைக்கு என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செய்தி தெரிந்து அவருடைய தங்கை வந்தாள். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு சமையலறைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "ஒரே வீட்ல இருக்கீங்க அண்ணி. உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?" என்று கேட்டாள். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. "தெரிஞ்சா சும்மா இருப்பேனா?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் டீகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் சங்கத்தில் எழுதினேன். ஜோடனை எதுவும் இல்லாமல், "தலைவருக்கு மறதி நோயாம். டாக்டர் சொல்லிட்டார்" என்று போட்டேன்.

கண் சிமிட்டுவதற்குள் டிரம் வந்தான். விழுந்து விழுந்து சிரிக்கிற மூஞ்சிகள். "டாக்டர் பீஸ் குடுக்க மறந்துட்டாரா?"

வாரண்டி: "வாங்கின பில் இருக்கா? மாத்திக் குடுப்பாங்க."

ஈரத்துணி: "வியாதி எல்லாம் வெளியே! விதியை மீறின நுரைக்கு அபராதம். ரெண்டு கதை சொல்லணும்."

போனைச் சுவரில் எறியப் போனேன். உருப்படுவீர்களா என்று கேட்கத் தோன்றியது. ஆனால் அவர்கள் என்ன செய்வார்கள்? தலைவர் என்றால் சிரிக்க வேண்டும் என்று அவர்களைப் பழக்கியதே நான்தானே? 'இது நிஜம்' என்று தட்டினேன். ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். போயிருந்தால் மூன்று பேரும் பதறியிருப்பார்கள், ஆறுதல் சொல்லியிருப்பார்கள், நல்லவர்கள்தான். அதற்கப்புறம் ஒருநாளும் யாரும் கேட்க மாட்டார்கள், தலைவர் இன்னைக்கு என்ன பண்ணார் என்று. எல்லோரும், இப்ப எப்படி இருக்கார் என்றுதான் கேட்பார்கள்.

அந்த வரியை அழித்தேன். உலகத்தில் ஒரே ஒரு இடத்திலாவது இந்த மனுஷன் நல்லபடியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. அபராதத்துக்கு இரண்டு கதை சொன்னேன்.

அதிலிருந்து இட்டுக்கட்டத் தொடங்கினேன். வீட்டில் நடப்பதை எழுத முடியாது. சட்டைக்குப் பொத்தான் போடத் தெரியாமல் நிற்பதை, குளியலறைக்குப் போகும் வழி தெரியாமல் அலமாரியைத் திறந்து நின்று அதிலேயே நனைத்துவிட்டதை, நடந்து போய்விடுவாரோ என்று வாசலைப் பூட்டிச் சாவியை நான் இடுப்பில் செருகிக்கொண்டு திரிவதை யாரிடம் சொல்வது? நான் வேலைக்குப் போகிற நேரத்துக்குத் தங்கைதான் வந்து பார்த்துக்கொண்டாள், என்னோடு பேசாமலே. சங்கத்துத் தலைவர் மட்டும் நன்றாக இருந்தார். குடையை மறந்தார், கடைக்காரரிடம் ஏமாந்தார், பக்கத்து வீட்டு நாயிடம் சமாதானம் பேசினார். ஒவ்வொரு சாயங்காலமும் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பேர்களெல்லாம் நினைவிலிருந்து போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடைசியாகத்தான் வீட்டு மனிதர்கள் போவார்கள் என்றார். எனக்கு வேறு எதைப் பற்றியும் பயமில்லை. என்னை மறக்கிற நாள் மட்டும் வராமல் இருந்தால் போதும். இந்தக் கதைகளைக் கேட்கிறவரைக்கும் நான் யார் என்று நினைவிருக்கும் என்று எனக்கு ஒரு முட்டாள் நம்பிக்கை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பால் பாத்திரத்தைத் தட்டிவிட்டார். சுடவில்லை, ஆறிய பால்தான். இருந்தும், துடைத்த தரையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்த எரிச்சலில் கத்திவிட்டேன். "ஒரு இடத்துல சும்மா உட்கார மாட்டீங்களா? என் உசுர வாங்கறதுக்குன்னே இருக்கீங்களா?" அவர் சுவரோரமாக ஒதுங்கி, இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார். அப்படி அவர் நின்று நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் முகம் கழுவிவிட்டு, சட்டை மாற்றி, வழக்கம்போல உட்கார வைத்தேன். அன்று சங்கத்துக்கு எழுதியது, தலைவர் முடி வெட்டப் போய், தன் முறை வருவதற்குள் தூங்கிவிட்டு, கடையைப் பூட்டும்போது எழுந்து வந்த கதை. படித்துக் காட்டினேன். வெகுநாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பழைய மாதிரியே இருந்தது. அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.

"நல்ல ஆளுங்க இவரு" என்றார். "யாரு இவரு? உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

என்னை ஒருநாளும் அவர் நீங்க என்று சொன்னதில்லை. நான் தோளிலிருந்து தலையை எடுத்தேன்.

"தெரிஞ்சவர்தான்" என்றேன்.

"பாவம்" என்றார். சிரிப்பு போய் முகம் கவலையானது. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல என் பக்கம் குனிந்தார். "அவர் வீட்டம்மாகிட்ட நீங்க சொல்லுங்க. திட்ட வேணாம்னு சொல்லுங்க. அவரு வேணும்னு பண்றதில்ல."

"சொல்றேங்க" என்றேன்.