பஞ்சு அடைத்த காது

என் புருஷன் சிவபாலனைப் போல டாக்டர் பேச்சைக் கேட்கிற ஆள் கிளிஞ்சல்மேட்டிலேயே கிடையாது. அதுதான் எங்களுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

மகள் கவியாவுக்கு இடது காதில் சீழ். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது, தண்ணீர் மட்டும் உள்ளே போகவே கூடாது என்று டாக்டரம்மா சொட்டு மருந்து கொடுத்தார். மருந்து தீர்ந்து சீழும் குறைந்த நேரத்தில், பிள்ளைக்கு ஏழரைச் சனி என்று யாரோ கொளுத்திப் போட்டார்கள். மூன்று சனிக்கிழமை திருநள்ளாற்றுக் குளத்தில் எண்ணெய் தேய்த்து முழுக வைப்பதாக இவர் வேண்டிக்கொண்டார். காதுக்குள் தண்ணீர் போகுமே என்றேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். படகில் விரிசல் அடைத்துப் பழகிய கை. பஞ்சை நல்லெண்ணெயில் நனைத்துத் திரித்து, இடைவெளியே இல்லாமல் திணித்து, மேலே வாஸ்லினும் பூசினார். முதல் முழுக்கு முடிந்து வந்ததும் பஞ்சை எடுக்கப் போனேன். வீட்டிலும் தினம் குளிக்கிறாளே, கடைசி முழுக்கு முடியும்வரை இருக்கட்டும் என்று என் கையைத் தட்டிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. காது கனக்கிறது என்று பிள்ளை சொன்னபோதும், பஞ்சு இருந்தால் கனக்காதா என்று சிரித்தார்.

மூன்றாம் சனிக்கிழமை பஞ்சை எடுத்ததும் அழுகல் நாற்றம் அடித்தது. கவியா எழுந்து நிற்க முடியாமல் தலை சுற்றி விழுந்தாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நடுக்காதுல எப்பவுமே பிராணவாயு கம்மிதாங்க. சீழ் கோத்தா இன்னும் கம்மியாயிடும். வெளியவும் அடைச்சிட்டா ஒண்ணுமே இருக்காது. காத்தே இல்லாத எடத்துல மட்டும் வளருற கிருமி இருக்கு. அதுக்கு நீங்களே எடம் பண்ணிக் குடுத்திட்டீங்க. உள்காது வரைக்கும் கிருமி போயிடுச்சு."

ஆபரேஷன் செய்தால் மூளைக்குப் பரவாமல் நிறுத்தலாம், அந்தக் காதுக்கு இனி கேட்காது என்றார்.

"தண்ணி ஒரு சொட்டுகூட உள்ள போவலங்க டாக்டரம்மா," என்றார் இவர். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அன்றே ஆபரேஷனுக்காகப் புதுச்சேரிக்கு பஸ் ஏறினோம். நாக்கு நுனிவரை வந்த வசவை எல்லாம் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவரைத் திட்டினால் பிள்ளைக்குக் காது கேட்டுவிடுமா? கவியா நல்ல காதை அப்பா மடியில் அழுத்திப் படுத்திருந்தாள். இவர் குனிந்து, கேட்காத காதில் வாயை வைத்து என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். எந்தக் காதில் சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னார்.