பாலத்தில் நாற்பது பேர்

நாட்டை ஆளும் பெரியவரின் மேசையில், கூட்டாளிக்கு ஒன்றாக மூன்று தொலைபேசிகள். இரண்டு ஊமையாகி ஒரு மாதமாகிறது. தீவுக்காரர்கள் எதிரியோடு கைகுலுக்கிவிட்டார்கள். துறைமுகப் படை கலைந்து மீன் பிடிக்கப் போய்விட்டது. மிச்சம் கணவாய்க்காரர் ஒருவர்தான். அவர் ஆட்கள் மலையில் நிற்கிற தைரியத்தில், எல்லைப் பாலத்துக்கு வெறும் நாற்பது சிப்பாய்களை அனுப்பியிருந்தார் பெரியவர். அதில் ஒருவன் மொழிபெயர்ப்பாளர் அம்மாளின் மகன்.

இருபது வருஷமாக இரண்டு பக்கப் பேச்சும் அவள் வாய் வழியாகத்தான். கணவாய்க்காரர் “துப்பாக்கி எங்கே?” என்று கத்தினால், “தங்கள் பாத தூளி நான்” என்று தொடங்கி, துப்பாக்கியைக் கடைசியில் நைசாகச் செருகுவாள். அந்த மரியாதை, வியாபாரத்தில் கொசுறு மாதிரி.

இன்று மதியம் ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

“அக்கா, பசங்க மலையை விட்டு இறங்கியாச்சு. உங்காளு ரெண்டு வருஷமா வாழ்த்துதான் அனுப்புறாரு. எதிராளி மாவு அனுப்புறான். அஞ்சு மணிக்கு அவன் படை லாரிங்க இந்தப் பக்கமா பாலத்துக்கு வரும். நான் தடுக்க மாட்டேன்.”

அவள் பெரியவர் பக்கம் திரும்பினாள். முதல்முறையாகக் கொசுறு போடாமல் அப்படியே சொன்னாள்.

பெரியவர் சிரித்தார். “அவனா? என் பாத தூளின்னு சொல்றவன் இப்படிப் பேசுவானா? ஏம்மா, உனக்கு எவ்வளவு குடுத்தாங்க?”

வாசல் காவலர்கள் ஓரடி முன்னே வந்தார்கள்.

“ஒழுங்காக் கேட்டுச் சொல்லு. பாலத்தைக் காப்பானா, மாட்டானா?”

முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, கணவாய்க்காரர் மொழியில் சொன்னாள்: “தம்பி, பாலத்துல என் பையன் நிக்கிறான்.”

கணவாய்க்காரர் குரலைத் தாழ்த்தினார். “என் வாயில வராத மரியாதையெல்லாம் சேர்த்தது நீங்கதான்னு தெரியும்க்கா. வயர்லெஸ்ல எல்லாரையும் ஓடச் சொல்றேன். நம்புவாங்களா?”

“அவனை எலின்னு கூப்பிடுங்க. அந்தச் செல்லப்பேரு வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. நம்புவான்.”

“என்ன சொல்றான்?” பெரியவர் மேசையைத் தட்டினார்.

“தங்கள் பாத தூளியாம், ஐயா. பாலத்தைப் பத்திக் கவலையே வேண்டாமாம்.”

“நான் சொல்லல?” அவர் சாய்ந்து உட்கார்ந்தார். “ஆறு மணிக்கு மறுபடி லைன் போடு. நானே நன்றி சொல்லணும்.”

“சரிங்க ஐயா.”

சுவர்க் கடிகாரத்தில் மூன்றேகால். எழுந்துபோகலாம் என்று அவர் கையசைத்தார். அவள் எழாமல் கணக்குப் போட்டாள்: ஐந்துக்கு லாரிகள் வரும், ஆறுக்கு அவள் பொய் வெளிவரும்.